சித்தி அளக்காத குழல்

துப்பாக்கிக் கிளப்பில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய அக்கா மகள் முன்பு அங்கே அலுவலக வேலை பார்த்தாள். அந்தப் பெண் வாய் ஓயாமல் "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டதில் பெயர் ஒட்டிக்கொண்டது. பெண் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். சித்தி மட்டும் சித்தியாகவே தங்கிவிட்டாள். கிளப் செயலாளர் எழுபதைத் தாண்டியவர், இவளுக்கு அப்பா வயது. அவரும் கூசாமல் சித்தி என்பார்.

"உங்களுக்கு நான் சித்தின்னா எனக்கு என்ன வயசாகும்னு கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்பாள்.

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தன் ரைஃபிளை நீட்டுவார். புதுக் குழல் போட்டவர்கள் எல்லோரும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். அவள் அளந்து சொல்லாமல் யாரும் தோட்டா வாங்க மாட்டார்கள்.

அவளுக்குச் சம்பள வேலை நூற்பாலையில். அங்கே சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து நூலின் முறுக்கைப் பார்ப்பாள். ஒரு துண்டு நூலை இரண்டு கவ்விகளுக்கு நடுவில் பூட்டி, கைப்பிடியைத் திருப்பி முறுக்கை அவிழ்த்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று சொல்ல வேண்டும். மெல்லிய நூலுக்கு முறுக்கு கூடுதலாக வேண்டும், தடித்த நூலுக்குக் குறைவாக வேண்டும். இது மாறிப்போனால் நூல் அறுந்து தொலையும், இல்லாவிட்டால் சுருண்டுகொண்டு உயிரை வாங்கும். இருபது வருஷமாக இதைப் பார்த்த கண்ணுக்குத் துப்பாக்கிக் குழலும் அந்நியமாகத் தெரியவில்லை. கணவரோடு சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், முதல் நாளே குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் முறுக்குத்தானா!" என்றாளாம்.

அவள் சொன்னது சரிதான். குழலின் உள்சுவரில் வரிவரியாகத் திருகு வெட்டியிருக்கும். குண்டு அதைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே பாயும். அந்தச் சுழற்சிதான் அதை நேராகப் போக வைக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சித்தி இதைச் சொல்லும் விதமே தனி.

"பம்பரம் வேகமா சுத்தினா நேரா நிக்கும், வேகம் கொறஞ்சா தலையாட்டும். நெட்டையா ஒரு பம்பரம் செஞ்சா அதுக்கு இன்னும் வேகம் வேணும், இல்லையா? குழலோட அகலம் மாறாது. அப்போ கனமான குண்டுன்னா அது நீளமான குண்டு. அதுக்கு நெருக்கமான திருகு வேணும். பத்து அங்குலத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தணும். பதினாலு அங்குலத்துக்கு ஒரு சுத்துன்னா அது மந்தமான திருகு, அதுக்கு லேசான குண்டுதான் லாயக்கு. குழலுக்கு எது பிடிக்குமோ அதைப் போடு. உனக்கு எது பிடிக்கும்னு அது கேக்கல."

அவள் அளக்கிற விதத்துக்கு ஒரு பெரிய கருவியும் தேவையில்லை. கைப்பிடியில் தானாகச் சுழலும் ஒரு துடைப்புக் கம்பி, அதன் முனையில் இறுக்கமாகச் சுற்றிய துணி, கம்பியின் மேல் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. துணி திருகைப் பற்றிக்கொள்ளும். கம்பியை உள்ளே தள்ளத் தள்ள அதுவும் சேர்ந்து சுழலும். முடிச்சு ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வருவதற்குள் கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிற்று என்று பார்த்தால் போதும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், விற்றவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், அளக்காமல் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். "எழுதறது கை. கை தூங்கும்" என்பாள்.

அந்தத் துணி அவள் கணவரின் கடையில் விழும் வெட்டுத் துண்டு. அவர் தையற்காரர். கோட்டு தைப்பதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. வீட்டின் முன் அறைதான் கடை. நடுவில் நீளமான வெட்டு மேசை, ஜன்னலோரம் தையல் மெஷின், கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்று சித்திக்கே சந்தேகம். பின் அறை சித்தியின் ராஜ்யம். அங்கே சிறு தராசும், கைநெம்பு வைத்த தோட்டா அடைக்கும் கருவியும், கனம் வாரியாக அடுக்கிய குண்டுப் பெட்டிகளும் இருந்தன. பூட்டிய இரும்பு அலமாரியில் ரைஃபிள் இருந்தது. முன் அறையில் மெஷின் ஓடும், பின் அறையில் நெம்பு ஏறி இறங்கும். மற்ற தம்பதிகள் சேர்ந்து சினிமா பார்க்கப் போவார்கள், இவர்கள் சேர்ந்து தோட்டா அடைத்தார்கள். அதைவிட அன்னியோன்னியமான குடும்பத்தை நான் பார்த்ததில்லை என்று செயலாளர் மேடையிலேயே ஒருமுறை சொன்னார். சித்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தையற்காரருக்கு அறுநூறு மீட்டர் தூரத்தில் சுடுவதுதான் பிடிக்கும். கிளப் அணியில் ஒருமுறையாவது இடம்பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஐம்பத்து மூன்று வயதில் அந்த ஆசை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பழைய குழல் தேய்ந்துபோனது.

புதுக் குழலுக்குச் சித்திதான் ஆர்டர் எழுதினாள். அவ்வளவு தூரத்தில் காற்று குண்டை ஒதுக்கித் தள்ளும். கனமான குண்டு அதற்குச் சுலபத்தில் அசையாது. அதனால் நூற்றுத் தொண்ணூறு கிரெயின் எடையுள்ள நீளக் குண்டு, அதற்குத் தோதாகப் பத்து அங்குலத் திருகு என்று நிறுத்தி எழுதினாள். பெட்டி வந்தது. மேல் சீட்டில் பத்து என்றே இருந்தது. துப்பாக்கிப் பட்டறையில் குழல் பூட்டியாயிற்று. அன்றைக்குக் கம்பி அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் அதை எடுக்கவில்லை. ஊரார் குழலை எல்லாம் சந்தேகப்பட்டவள், தானே எழுதிய ஆர்டரை மட்டும் சந்தேகப்படவில்லை.

கெட்ட காலம் உடனே தொடங்கியது. காலையில் சுட்டால் குண்டுகள் திசைக்கு ஒன்றாகப் போயின. மதியம் சுட்டால் ஓரளவு தேவலை. மறு வாரமும் அப்படியே. காலைக் குளிரில் பனி மூட்டம் இருக்கும், வெளிச்சம் மங்கலாக இருக்கும். மதியம் பளிச்சென்று வெயில். இதற்கு என்ன காரணம் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை. டெய்லருக்குக் கண் போய்விட்டது, வெளிச்சம் குறைந்தால் தெரியவில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்றார் செயலாளர். "காலைல தெரியாது, மதியம் தெரியும். அப்புறம் மதியமும் தெரியல."

ஆறுதல் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர்!

கண் டாக்டரிடம் போனார்கள். வலது கண்ணில் புரை லேசாகத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பல வருஷம் ஆகும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் 'புரை' மட்டும் தையற்காரரின் காதில் விழுந்தது, மீதியெல்லாம் காற்றோடு போயிற்று. ரைஃபிளைப் பிடிக்கிறதும் வலது கண், தையலைப் பிடிக்கிறதும் வலது கண். பயம் ரைஃபிளிலிருந்து மெல்ல ஊசிக்கு நகர்ந்தது. ஊசியில் நூல் கோக்க முதல் தடவையிலேயே வரவில்லை என்றால் கை நடுங்கிவிடும். அதனால் தினமும் காலையில் ஊசியைச் சித்தியிடம் நீட்டத் தொடங்கினார். அவளும் கோத்துக் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போவாள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலை வந்தால் கைநிறைய வேலை இருக்கிறது என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஒருநாள் கல்யாணக் கோட்டுக்குத் துணியோடு வந்த மாப்பிள்ளைப் பையனையே அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் சொன்னார்: "அணித் தேர்வுச் சுற்று முடியட்டும். அதோட நிறுத்திக்கிறேன். ரைஃபிளைக் கிளப்புக்கே குடுத்துடலாம். கடையையும் பாக்கணும். பேன்ட் கீழ்மடிப்பு, ஜிப் மாத்தற வேலைன்னு வச்சுக்கிட்டா போதும்."

கோட்டு தைத்த கை ஜிப் மாற்றப் போகிறதாம். வழக்கமாக இருந்தால் சித்தி ஒரு பிடி பிடித்திருப்பாள். அன்று "உங்க இஷ்டங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவர் அவளையே பார்த்தார். "டாக்டர் சொன்னப்போகூட எனக்குப் பயமில்லை. நீ திட்டாம இருக்கறதப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

உண்மையில் அவளும் நம்பிவிட்டாள். தராசைச் சரிபார்த்தாள், வெடிமருந்தை மறுபடி நிறுத்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவின் நீளத்தையும் பார்த்தாள். எள்ளளவும் பிசகு இல்லை. தன் பக்கம் எல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது அவர் கண்தானே? பாவி மனம் அப்படித்தான் கணக்குப் போட்டது.

கிளப்பில் ஒரு விதி உண்டு. இலக்குகளுக்கு அடியில் ஒரு பெரிய குழி இருக்கும். அங்கே இருப்பவர்கள் ஒவ்வொரு முறை சுட்டதும் இலக்கைக் கீழே இறக்கி, துளையின் மேல் ஒட்டுப் போட்டு, மறுபடி மேலே ஏற்றி, புள்ளியைத் தகட்டால் காட்டுவார்கள். சுடுகிறவரின் வீட்டு ஆட்கள் அந்த இலக்கைத் தொடக்கூடாது. நியாயமான விதிதான். ஆனால் அதனால் கணவரின் துளைகளைச் சித்தி ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை. காலை முறையில் குழியில் இருப்பவரை எல்லோரும் ஒட்டுக்காரர் என்பார்கள். இலக்கு இறங்கிய மூச்சில் ஒட்டுப் போட்டு ஏற்றிவிடுவார். அந்த வேகத்தில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

பயன்படுத்தி முடித்த, ஒட்டுப் போட்ட இலக்குத் தாள்களைத் தையற்காரர் வீட்டுக்குக் கொண்டுவருவார். கெட்டியான பெரிய தாள், அளவு வரைந்து வெட்ட அதைவிடத் தோதானது கிடையாது. அந்த வட்டாரத்துக் கனவான்கள் பலருடைய கோட்டு முதலில் ஓட்டை விழுந்த காகிதத்தில்தான் பிறந்தது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அப்படி ஒரு தாளில் பேன்ட் வரைந்துகொண்டிருந்தார். கத்தரிக்கோல் ஓர் ஒட்டில் தடுக்கியது. எதிரே உட்கார்ந்து துணித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சித்தி, "இருங்க" என்று நகத்தால் அந்த ஒட்டைப் பிய்த்து எடுத்தாள்.

அடியில் இருந்த துளை வட்டமாக இல்லை.

அவள் அதை அவர் பக்கம் திருப்பினாள். "என்னங்க, இது எப்படி இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். தொழில் புத்தி முந்திக்கொண்டது. "காஜா மாதிரி இருக்கு. பட்டன் போடலாம்."

"குண்டு போன ஓட்டை எப்படிங்க காஜா ஆகும்?"

"காலைல பனியில தாள் ஊறிப்போயிருக்கும்மா. ஈரத் தாள் அப்படித்தான் கிழியும்னு ஒட்டுக்காரர் அப்பவே சொன்னாரே."

"அப்பவே சொன்னாரா? எங்கிட்ட யாரும் சொல்லல" என்றாள். குரல் மாறியிருந்தது. அடுத்த ஒட்டைப் பிய்த்தாள். அதுவும் நீளம், ஆனால் சாய்வு வேறு பக்கம். இன்னொன்று. அதன் ஓரத்தில் ஈயத்தின் கறுப்புத் தடம், பக்கவாட்டில் படுத்தபடி போன குண்டின் தடம். ஈரத் தாள் கிழியும்தான், ஆனால் அப்படி அச்சுக் குத்தியதுபோல் கிழியாது. அவரே மேசையடியிலிருந்து மதியத் தாள் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் ஒட்டுகளுக்கு அடியில் துளைகள் ஏறக்குறைய வட்டம்.

சித்தி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தாள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். வெட்டு மேசையில் அதைக் கிடத்தி, கம்பி முனையில் துணியைச் சுற்றினாள். சிவப்பு முடிச்சை மேலே பார்க்க வைத்துத் தள்ளினாள். முடிச்சு மெல்லச் சாய்ந்து, அடியில் போய், மறுபக்கம் ஏறியது. ஏற வேண்டிய இடத்தைத் தாண்டியும் அது மேலே வரவில்லை. சோம்பேறித்தனமாக நகர்ந்து கடைசியில் வந்து நின்றது.

"அந்த டேப்பைக் குடுங்க."

அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். அவள் வைத்துப் பார்த்தாள். பதினாலு. நம்பாமல் மறுபடி செய்தாள். பதினாலுதான். பத்து என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் வேறு குழல் மாறி வந்திருந்தது. மந்தமான திருகில் அவ்வளவு நீளக் குண்டு. மதிய வெயிலில் காற்று லேசாக இருக்கும், குண்டு எப்படியோ தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்தது. காலைக் குளிரில் காற்று அடர்த்தியானது, அதில் தலைகுப்புற உருண்டது. வெளிச்சத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்ணுக்கும் இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பட்டறைக்காரனைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். சித்தி கம்பியை உருவி மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னாள்: "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லைங்க. தப்பு என்னோடது. நான் இதை அளக்கல."

அவர் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதலில் வந்தது கோபம்.

"ஊர்ல ஒருத்தன் குழலை விட்டதில்லையே நீ. என்னோடது மட்டும் எப்படிடீ விட்டுப்போச்சு? மூணு மாசம்! குருடாகப் போறேன்னு நெனச்சுக்கிட்டு மூணு மாசம் இந்த மெஷின் முன்னாடி உக்காந்திருக்கேன்."

"நான் எழுதின ஆர்டர்ங்கற திமிரு" என்றாள். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர்தான் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அது நியாயமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருக்கோடிவரை போயிருப்பார். திரும்பி வந்தபோது சித்தி பின் அறையில் லேசான குண்டுகளின் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். நூற்று ஐம்பத்தைந்து கிரெயின், குட்டைக் குண்டு, இந்தக் குழல் வேண்டாம் என்று சொல்லாத குண்டு. அவர் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தார்.

"இது காத்துல தள்ளுமே" என்றார்.

"தள்ளும். ஆனா நேராப் போகும். காத்தைப் பாத்துக்க வேண்டியது உங்க பாடு."

"சரி, நகரு. பித்தளைக் கூடுகளை நான் துடைக்கிறேன்."

தேர்வு நாள் காலை பனி கொட்டியது. சுடும் மேடையில் எல்லோரும் கூடியிருந்தபோது சித்தி முன்னால் வந்து நின்றாள். "டெய்லருக்குக் கண் போச்சுன்னு இங்க எல்லாரும் பேசினீங்க. நானும் அதையேதான் நெனச்சேன். அவர் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அளக்காம விட்டது நான்தான்" என்று உரக்கச் சொன்னாள். ஆயிரம் பேருக்கு அளந்து சொன்னவள் தன் மூக்கைத் தானே உடைத்துக்கொண்டாள். செயலாளர் தொண்டையைச் செருமினார். அவருடைய மச்சானைப் பற்றி அன்று யாருக்கும் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. சிலரைப் பிடிக்கும், சிலரை மதிப்போம். இரண்டையும் ஒரே நொடியில் வரவழைக்க அவளால் முடிந்தது.

தையற்காரர் படுத்துச் சுட்டார். முதல் வெடி. இலக்கு கீழே இறங்கியது. குழிக்கும் மேடைக்கும் பேசுகிற வாக்கி-டாக்கியை அவர் எடுத்தார்.

"புள்ளி இருக்கட்டும். ஓட்டை எப்படி இருக்கு?"

எதிர்முனையில் ஒட்டுக்காரர் துளையை மறுபடி குனிந்து பார்த்தார். இந்த மாதிரி ஒரு கேள்வியை அவர் ஆயுளில் கேட்டதில்லை. "வட்டம், டெய்லர்" என்றார். "காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி வட்டம்."

பின்னால் நாற்காலியில் இருந்த சித்தி முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள்.

எல்லாத் துளையும் வட்டம். ஆனால் பாதியில் காற்று திரும்பியது. கனமான குண்டு தாங்கியிருக்கும், லேசானது ஒதுங்கிவிட்டது. அதைக் கணிப்பதில் அவர் இரண்டு முறை ஏமாந்தார். நான்கு பேர் அணிக்கு அவர் ஐந்தாவதாக வந்தார். நெடுநாள் ஆசை ஒரு புள்ளியில் தப்பியது.

திரும்பும் வழியில் சித்தி அந்த வெடிகளையே எண்ணிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு புள்ளியும் தன் கணக்கில்தான் சேரும் என்று அவளுக்குத் தோன்றியது. சரியான குழல் இருந்திருந்தால் கனமான குண்டே போட்டிருக்கலாமே. அவர்தான் வழியெல்லாம் வாய் மூடவில்லை. அந்தக் காற்றுக் கொடி திரும்பினதைப் பார்த்தேன், பார்த்தும் அசட்டை பண்ணினேன், மடையன் நான், அடுத்த வருஷம் பார் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வந்தார். தன் தப்பால் தோற்றதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா! அடுத்த வருஷம் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆலைக்குக் கிளம்பி முன் அறைக்கு வந்தாள். வெட்டு மேசையில் நேற்றைய இலக்குத் தாள் விரிந்திருந்தது. கேட்டு வாங்கி வந்து, ஒட்டுகளை எல்லாம் பிய்த்து எடுத்திருந்தார். அதன் மேல் சுண்ணக்கட்டியில் ஒரு கல்யாணக் கோட்டின் முன்பாகம் வரைந்தாகிவிட்டது. பக்கத்தில் கறுப்புத் துணி மடித்து வைத்திருந்தது.

"மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார் அவர், தலை நிமிராமல். "இன்னும் யார்கிட்டயும் குடுக்கலையாம். விடிஞ்சதும் துணியோட வந்து அளவும் குடுத்துட்டான்."

அவர் கையில் ஊசியும் கறுப்பு நூலும் இருந்தன. மூன்று மாதப் பழக்கம், சித்தி தன்னை அறியாமல் கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார்.

நூல் நுனியை நாக்கில் ஈரமாக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வலது கண்ணைச் சுருக்கினார். முதல் தடவை தவறியது. கை நடுங்கவில்லை. இரண்டாவது தடவை நுழைந்தது.

"போ, பஸ் போயிடும்" என்றார்.